பெகு வயலில் கிடந்த உளுந்து

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். “நாங்க உளுந்து பிடுங்கிக் களத்துல போடுற நேரம் பார்த்து பர்மா உளுந்து மார்க்கெட்டுக்கு வந்துடுது. விலை இறங்கிடுது. வேணும்னே செய்றாங்களா?” என்பது கேள்வி. நான்கு வரியில் பதில் எழுதச் சொல்லி ஆசிரியர் குழுவில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், நான்கு வரியில் நிற்கவில்லை. அந்த உளுந்து விளைகிற வயலில் நான் நின்றிருக்கிறேன். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது வியாசர்பாடி.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. அங்கேயும் உளுந்து நெல்லுக்குப் பின்பயிர்தான். மழைக்கால நெல்லை அறுத்துவிட்டு, மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைக்கிறார்கள். மாசி வாக்கில் அறுவடை. ரங்கூனில் கப்பல் ஏறினால் சில நாள்களில் சென்னைத் துறைமுகம். நம் டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தூவுகிறோம். அது பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வருகிறது. அவர்கள் பயிர் நமக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முந்தி. நாம் களத்தில் காயப்போடும்போது அவர்கள் மூட்டை மண்டியில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இனி மீதிக் கதை.

என் அப்பாவுக்குப் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம் என்றாலும் நான் வளர்ந்தது வியாசர்பாடியில். பேசின் பிரிட்ஜ் தாண்டி, பெரம்பூருக்கு முந்தின ஸ்டேஷன் வியாசர்பாடி ஜீவா. செய்தித்தாளில் வியாசர்பாடி என்றால் வேறு மாதிரிச் செய்திதான் வரும். எனக்கு நினைவுக்கு வருவது கால்பந்து, கேப்டன் காட்டன் கால்வாய், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். பிறகு பர்மாக்காரர்கள். பி.வி. காலனி, சத்தியமூர்த்தி நகர்ப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. எண்ணூர் பக்கம் எர்ணாவூரிலும் இருக்கிறார்கள். அங்கே யாரும் மியான்மர் என்று சொல்வதில்லை. பர்மாதான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர்கள் வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு அதிசயம். ‘அத்தோ’ இன்று பீச் ஸ்டேஷன் எதிரில் எல்லாரும் சாப்பிடுவது. நூடுல்ஸில் முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், கடலை மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். வாழை போடுகிற வாசகர்கள் கவனிக்க: தார் வெட்டிய பிறகு நாம் வரப்பில் தள்ளிவிடுகிற தண்டை, வடசென்னையில் ஒவ்வொரு மாலையும் அண்டா அண்டாவாகக் காய்ச்சி விற்கிறார்கள்.

இந்தக் குடும்பங்கள் வந்த கதை பலருக்கு மேலோட்டமாகத் தெரியும். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கி, ஆலை, மொத்த வியாபாரம், கடைசியில் மளிகைக்கடை வரை அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் பணமும் இல்லை, கடையும் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். கழுத்தில் கிடந்ததைக்கூடத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள் என்று என் நண்பனின் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இங்கே வந்து பிடிக்காமல், தரைவழியாகவே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்களும் உண்டு. எல்லையில் பர்மா ராணுவம் உள்ளே விடவில்லை. அப்படியே மோரே என்ற எல்லை ஊரில் தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் இருக்கின்றன.

நண்பனின் அம்மா பெகுவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா குத்தகைக்கு நெல் போட்டார், சின்னதாக ஒரு மளிகைக்கடையும் வைத்திருந்தார். 1965இல் இங்கே வந்தபோது அம்மாவுக்கு வயது 20. வயலில் நின்ற மனிதர் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வியாசர்பாடியில் அப்போதே விவசாயம் செய்ய என்ன மிச்சம் இருந்தது?

நான் வேளாண்மை படித்து, துறையில் சேர்ந்து, டெல்டாவில் பல ஆண்டு வேலை பார்த்தேன். 2017இல் ஓராண்டு ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு நெல் விதைத் திட்டத்துக்கு ஆலோசகராக ரங்கூன் போனேன். இப்போது யாங்கோன் என்கிறார்கள். என் வியாசர்பாடி நண்பன் அதற்கு முன்பே அங்கே ஒரு கண்டெய்னர் கம்பெனியில் இருந்தான். மூன்றாவது ஆள் காரைக்குடிக்காரர், கணக்குத் தணிக்கையாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஸ்ரீகாளி கோயில் பக்கம் சந்திப்போம். 1871இல் தமிழர்கள் கட்டிய கோயில் அது. அந்தத் தெருக்களில் கொத்தமல்லியும் கருவேப்பிலையும் கிடைக்கும்.

பர்மாவில் சித்திரைப் புத்தாண்டுக்குத் ‘திஞ்ஞான்’ என்று பெயர். நம் புத்தாண்டும் அதுவும் ஒரே நேரம். 2018 ஏப்ரல் 13 தொடங்கி ஊரே விடுமுறை. அலுவலகம், கடை, சந்தை எதுவும் இருக்காது. தெருவில் போகிற வருகிற எல்லார் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். போலீஸ்காரர் மேலும் ஊற்றுவார்கள். ரங்கூனில் உட்கார்ந்து நனைவதைவிடக் காரில் போய் நனைவோம் என்று முடிவானது. பெகு வழியாக மோல்மேன் வரை போய்த் திரும்புவது, ஒரு வழி சுமார் 300 கிலோமீட்டர். நண்பனுக்கு இன்னொரு காரணம் இருந்தது. அம்மா பிறந்த ஊரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய டொயோட்டா ப்ரோபாக்ஸ் வாடகைக்கு எடுத்தோம், ஓட்டுநரோடு. அந்த ஊர்ப் போக்குவரத்தில் ஒரு விநோதம் உண்டு. 1970இல் சாலையின் வலப்பக்கம் போகவேண்டும் என்று சட்டத்தை மாற்றினார்கள். ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள். ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான் இருக்கும். முன்னால் லாரி போனால் எதிரில் என்ன வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்தவர்தான் எட்டிப் பார்த்து “போ” என்று சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டுநருக்கு ‘வா’, ‘போ’, ‘சாப்டியா’ என்று மூன்று தமிழ்ச் சொற்கள் தெரியும். அதில் ‘போ’ மட்டும் அன்று நூறு தடவை பயன்பட்டது. காரைக்குடிக்காரர் முன்சீட்டில் இருந்தார். அவர் தணிக்கையாளர், எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் சொல்லமாட்டார். லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம்.

ஊருக்கு ஊர் சாலையோரம் மூங்கில் மேடை போட்டு, டிரம்மில் தண்ணீரோடு நிற்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குக் குளியல், இறக்கினால் நமக்கு. இடையிடையே அரிசி மாவில் வெல்லம் வைத்து உருட்டிக் கொதிநீரில் போட்டெடுத்த உருண்டையைத் தேங்காய்த் துருவலோடு இலையில் வைத்து நீட்டுவார்கள். நம் கொழுக்கட்டைதான். ஆனால் கவனமாகக் கடிக்க வேண்டும். வேடிக்கைக்காகச் சிலவற்றில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாயை வைத்திருப்பார்கள். முதல் மழைத்தூறலுக்குப் பூக்கும் ‘பிடவ்’ மரம் சாலை நெடுக மஞ்சளாக நின்றது. நம் வேங்கையின் ஒன்றுவிட்ட தம்பி அந்த மரம். பெண்கள் எல்லார் கொண்டையிலும் அந்தப் பூ.

பெகுவில் படுத்த நிலையில் 55 மீட்டர் நீள புத்தர் சிலை இருக்கிறது. பார்த்தோம், படம் எடுத்தோம். எனக்கு அதைவிட ஊருக்கு வெளியே விரிந்த வயல்தான் பெரிதாகத் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் மேடு பள்ளம் இல்லாத களிமண் நிலம், நெல் தாள் மக்கிய சாம்பல் நிறம், ஆங்காங்கே பனை. மன்னார்குடியிலிருந்து கோட்டூர் போகிற வழியில் இறக்கிவிட்டது போல இருந்தது.

அம்மா சொன்ன அடையாளம் இதுதான்: “ரயில் தண்டவாளத்துக்குக் கிழக்கால, வாய்க்கா தாண்டி முனீஸ்வரன் கோயில். அதுக்குப் பின்னால குளம். குளத்தை ஒட்டித்தான் நம்ம வயலு.” 53 வருடத்துக்கு முந்தின அடையாளம். வழி கேட்கும்போதெல்லாம் எங்கள் மேல் தண்ணீர் விழுந்தது. கோயில் இருந்தது. தகரக் கூரைக்குப் பதில் காங்கிரீட் போட்டிருந்தார்கள். பூசாரிக்கு அம்மாவின் அப்பா பெயரைச் சொன்னதும், ஒரு பையனை அனுப்பி ஒருவரை அழைத்துவரச் சொன்னார். லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முகத்தில் தனாக்காச் சந்தனத்தோடு ஒரு பெரியவர் வந்தார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன். நண்பனுக்கு மாமா முறை. மருமகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, “அக்காவுக்குப் பல்லு இருக்கா?”

அவர் பேசிய தமிழ் எங்கள் தாத்தா காலத்துத் தமிழ். பள்ளிக்கூடத்தில் படிக்காமல் வீட்டில் மட்டும் கேட்டு வளர்ந்தது. நடுநடுவே பர்மியச் சொல் விழும். எடையை ‘வீசை’ என்றார். நம் வீசை 1.4 கிலோ, அங்கத்து வீசை 1.63 கிலோ. நம் மண்டியில் மறந்துபோன சொல், அங்கே இன்னும் தராசில் இருக்கிறது.

என்னை விவசாய ஆபீசர் என்று அறிமுகப்படுத்தியதும் நேராகக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். தார்ப்பாயை விலக்கினார். உளுந்து. இடுப்பளவு குவியல். கையை விட்டு அள்ளிப் பார்த்தேன், திரட்சியான மணி. நம் ஆடுதுறை 3 மணியைவிடச் சற்றுப் பெரிது. ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு ‘தின்’ வந்தது என்றார். உளுந்துக்கு ஒரு தின் என்பது ஏறத்தாழ 32 கிலோ. நம் நெல் தரிசில் கவனித்துச் செய்கிறவர்கள் எடுப்பதும் அந்த அளவுதான்.

“மாசியில அடிச்சது ஐயா. இன்னும் இங்கேயே கிடக்கு. உங்க டெல்லிக்காரன் கதவைச் சாத்திட்டான்” என்றார்.

என்ன நடந்தது என்றால், 2015-16இல் நம் நாட்டில் பருப்பு விளைச்சல் 163 லட்சம் டன்னாகச் சுருங்கி விலை தாறுமாறாக ஏறியது. துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கு நினைவிருக்கும். நம் அரசு, எங்கிருந்தாலும் பருப்பு வரட்டும் என்றது. பர்மா விவசாயி அதை நம்பி அதிகம் விதைத்தார். அடுத்த ஆண்டே நல்ல மழை. நம் விளைச்சல் 231 லட்சம் டன்னாக உயர்ந்தது. அதே ஆண்டில் 66 லட்சம் டன் இறக்குமதியும் வந்து இறங்கியது. விலை சரிந்தது. நம் விவசாயிக்கு ஆதார விலைகூடக் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்ட்டில் அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன், அதற்கு மேல் கூடாது. அந்த உத்தரவு வந்தபோது நான் ரங்கூனில்தான் இருந்தேன். டெல்டாவில் என் கீழ் வேலை பார்த்த உதவி அலுவலர் போனில், “சார், கொஞ்சம் மூச்சு வந்துச்சு” என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். எட்டு மாதம் கழித்து அந்த உத்தரவின் மறுபக்கம் இடுப்பளவு குவியலாக என் முன்னால் கிடந்தது.

“போன வருஷ விலையில பாதிகூடக் கேக்க ஆளில்லை” என்றார் மாமா. ‘இங்கேயே விற்றுச் சாப்பிடுங்களேன்’ என்றும் சொல்ல முடியாது. பர்மியர்கள் உளுந்தைப் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. அவர்களுக்குக் கொண்டைக்கடலையும் பட்டாணியும்தான். உளுந்து அங்கே விளைவது நம் இட்லிக்கும் வடைக்கும்தான். வாங்குவதற்கு ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒரே சந்தையை நம்பிப் பயிர் செய்கிற எவருக்கும் இதே நிலைதான். நமக்கு வெங்காயத்தில் நடப்பதும் இதுவே.

குவியலில் கையை விட்டபோது பயறு வண்டு ஊர்ந்தது. மணியில் வெள்ளை வெள்ளையாக முட்டை. இன்னும் ஒரு மாதம் விட்டால் ஓட்டை விழுந்துவிடும். சித்திரை வெயிலில் மூன்று நாள் பரப்பிக் காயவைக்கவும், விதைக்கு வேண்டியது போக மீதியை உடைத்துப் பருப்பாக வைக்கவும் சொன்னேன். முழுப் பயறில் ஏறுவது போல உடைத்த பருப்பில் வண்டு ஏறாது. உடைக்க மில்லுக்கு எங்கே போவேன் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் விருதுநகரில் தெருவுக்குத் தெரு இருக்கும் மில் அங்கே இல்லை. முழு உளுந்தாக அனுப்பிவிட்டு உமி, குருணை, கூலி எல்லாவற்றின் லாபத்தையும் நமக்கே விட்டுவிடுகிறார்கள்.

சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அறுத்த தாளில் மாடுகள் மேய்ந்தன. நிலம் யார் பெயரில் என்று கேட்டேன். 2012 சட்டத்துக்குப் பிறகு ‘படிவம் 7’ என்று ஒரு உரிமைச் சான்று தருகிறார்கள், அதைக் காட்டினால்தான் அரசு வேளாண் வங்கியில் கடன். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் சாட். அப்போதைய கணக்கில் நம் பணம் ஏழாயிரத்து ஐந்நூறு. பயறுக்கு அதைவிடக் குறைவு. மீதிக்கு வெளிக்கடன்தான் என்றார்.

வெளிக்கடன் என்றதும் காரைக்குடிக்காரர் லேசாக நெளிந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா வட்டித்தொழில் செய்தது இதே பெகுவில்தான். அவரே பேச்சை எடுத்தார். “எங்க வீட்டுப் பரணில இன்னும் பெகு விலாசம் போட்ட கணக்குப் புத்தகம் இருக்கு.”

இந்த வரலாற்றை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கு அரிசி போவது பெருகி, ஐராவதி டெல்டாக் காட்டை வெட்டி வயலாக்கினார்கள். காடு வெட்ட, வரப்புப் போட, நாற்று விட, மாடு வாங்க எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தவர்கள் செட்டிநாட்டார். அறுக்கக் கப்பலில் போன கூலிகள் நம் ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்தாரும் தெலுங்கர்களும். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா, ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். பிறகு 1930இல் உலகப் பொருளாதாரச் சரிவு வந்து நெல் விலை பாதிக்கும் கீழே போனது. விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு ஏக்கர் செட்டியார்கள் வசம் இருந்தது. ஏழெட்டு ஆண்டில் அது நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் எதற்கு? பர்மியர்களுக்கு இந்தியர்கள் மேல் வந்த கோபத்தின் வேர் அதில் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பின் நில தேசியமயச் சட்டம் வந்து செட்டியார்களின் நிலமும் போனது. கடைசியில் கோபம் விழுந்தது வட்டிக்கு விட்டவர் மேல் மட்டும் அல்ல. குத்தகைக்கு நெல் போட்ட வியாசர்பாடி அம்மாவின் அப்பா மேலும் விழுந்தது.

கடன் கொடுத்தவரின் கொள்ளுப்பேரனும் குத்தகை போட்டவரின் பேரனும் ஒரே வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் காரைக்குடிக்காரரிடம், “உங்க ஆளுங்க வட்டி வாங்கினாலும் விதைக்குன்னு கேட்டா அன்னைக்கே கொடுத்தாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. இப்ப அரசாங்கக் கடனு நாத்து நட்டப்புறம் வருது” என்றார். காலத்தில் வராத கடன் எந்த நாட்டிலும் கடன் இல்லைதான். அதற்காக அந்தக் காலத்து வட்டியை நான் புகழமாட்டேன்.

மறுநாள் சித்தாங் ஆற்றைத் தாண்டி, தட்டோன் வழியாக மோல்மேன் போனோம். அந்தப் பாதையில் நெல் குறைந்து ரப்பர் தோட்டமும் பம்பளிமாசும் வந்துவிடும். மொட்டமா வளைகுடாவின் ஓதம் ஏறி ஏறிச் சித்தாங் கரையைத் தின்கிறது. ஊரையே வீடு வீடாகப் பிரித்து உள்ளே தள்ளிக் கட்டுகிறார்கள். வேதாரண்யத்துக்காரர்கள் பார்த்தால் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. தான்ல்வின் ஆற்றின் மேல் 2005இல் திறந்த பாலம், மூன்றரை கிலோமீட்டர் நீளம். பாலத்தின் நடுவில் ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி “சாப்டியா?” என்றார். அவருக்குப் பசி. மோல்மேனில் மீன் குழம்பு நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் மாமா ஒரு துணிப்பையில் மூன்று வீசை உளுந்து கட்டித் தந்தார். “அக்கா கையில கொடு, விதைக்கட்டும்.” வியாசர்பாடியில் எங்கே விதைப்பது? அதோடு, அரசுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு விதையை ஊருக்குள் கொண்டுவரக் கூடாது. நோயும் பூச்சியும் கூடவே வரும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிற நானே பையில் வைத்து எடுத்துவர முடியுமா? நண்பனுக்கு மனசே இல்லை. ரங்கூனில் ஊறவைத்து அரைத்தோம். மாவு நன்றாகப் பொங்கியது. இட்லி பஞ்சு.

2018 ஜூலையில் ஊர் திரும்பியதும் அம்மாவைப் பார்க்கப் போனேன். போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். தம்பியைப் பார்த்து, “கிழவனாயிட்டான்” என்றார். குவியலைக் காட்டியதும், “இது என்ன, உளுந்தா? நாங்க இருக்கையில அங்க ஏது உளுந்து? நெல்லு அறுத்தா மாடு மேயும், வேற ஒண்ணும் கிடையாது” என்றார். உண்மைதான். 1988க்குப் பிறகு தனியார் வியாபாரத்தைத் திறந்துவிட்ட பின்தான் கீழ்ப் பர்மாவில் நெல்லுக்குப் பின் பயறு என்பது பெரிதாக வந்தது. அவர் விட்டுவந்த வயலில் அவர் வந்து சேர்ந்த ஊருக்காக ஒரு பயிர் விளைகிறது. வியாசர்பாடி அவர் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் துறைமுகம். அங்கிருந்து கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டித் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளுக்குப் போகின்றன. எந்தப் பெட்டியில் பெகு உளுந்து வருகிறதோ.

படம் எல்லாம் பார்த்து முடித்தபின் அவர் கேட்டது ஒன்றுதான்: “குளத்துல தண்ணி இருந்துச்சா?” இருந்தது என்றேன்.

அதன்பின் நிலைமை மறுபடி தலைகீழானது. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் திரும்ப ஆட்சியைப் பிடித்தது. அதே ஆண்டு மே மாதம் நம் நாட்டில் விலை ஏறியதால் உளுந்து இறக்குமதிக்கான தடையை எடுத்துவிட்டார்கள். பர்மாவிலிருந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து, ஒரு லட்சம் டன் துவரை வாங்குவதாக ஐந்தாண்டு ஒப்பந்தமும் அரசுகளுக்குள் ஆனது. 2024இல் அங்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்தியதும் மாமாவின் மகன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். வயலில் மாமா தனியாக இருக்கிறார். உளுந்து விற்கிறது, அறுக்கத்தான் ஆள் இல்லை என்று நண்பனிடம் சொன்னாராம்.

என் கருத்தைக் கேட்டால், நம் விவசாயி களத்தில் நிற்கிற இரண்டு மாதம் இறக்குமதிக்கு ஒரு தடுப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அது முன்கூட்டியே தெரிய வேண்டும். விதைக்கிற நேரத்தில் ‘வா’ என்று சொல்லிவிட்டு, அறுக்கிற நேரத்தில் ‘போ’ என்றால் அங்கே மாமா மாட்டிக்கொள்கிறார். அடுத்த ஆண்டு அவர் விதைக்கவில்லை என்றால் இங்கே விலை எகிறி, தடை நீங்கி, மறுபடி நாம் மாட்டிக்கொள்கிறோம்.

கேள்வி கேட்ட திருத்துறைப்பூண்டி வாசகருக்கு இன்னும் சில விவரங்கள். சென்னைச் சந்தையில் பர்மா உளுந்து இரண்டு தரமாகப் பேசப்படும். எஸ்.கியூ. என்பது திரட்சியான மணி, விலை கூடுதல். நம் ஊர் இட்லி, வடை மாவு மில்களுக்குப் பிடித்தது அது. எஃப்.ஏ.கியூ. என்பது சாதாரணத் தரம். மாசி மாதம் முதலே உங்கள் மண்டியில் இந்த இரண்டு விலையையும் வாரம் ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் களத்து விலை அதை ஒட்டித்தான் போகும். 2025-26க்கான ஆதார விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். மண்டி விலை அதற்குக் கீழே போனால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொள்முதல் உண்டா என்று விசாரியுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் தயாராக இருக்கட்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள்.

உடனே விற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் கொஞ்சம் வைத்திருந்து விற்கலாம். அப்படி வைப்பதானால் உடைத்துப் பருப்பாக வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் மில் இருக்கிறது.